மனச்சோர்வுள்ள ஆண்கள் கூடிப் பேசுவது நல்லதா?

கேள்வி: எனக்கு வயது 43. மனச்சோர்வுக்கு எட்டு மாதங்களாக மருந்து சாப்பிட்டு, இப்போது ஓரளவு தேறியிருக்கிறேன். இதே நோயுள்ள ஆண்கள் மூவரை எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை கூடிப் பேச விரும்புகிறோம். சோர்ந்தவர்கள் ஒன்றுசேர்ந்தால் சோர்வுதான் பெருகும் என்கிறார் என் அண்ணன். யாராவது சாவைப் பற்றிப் பேசினால் என்ன செய்வது?

பதில்: தாராளமாகக் கூடுங்கள். ஒரே நோயை அனுபவித்தவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்பது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு மீளாய்வு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இத்தகைய துணை கிடைத்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்ததைக் காட்டியது. ஆண்களுக்கு இது மிகவும் தேவை. மனச்சோர்வு பெண்களிடமே அதிகமாகக் கண்டறியப்படுகிறது என்றாலும், உலக அளவில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்கள் பெண்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆண்களிடம் இந்நோய் பெரும்பாலும் அழுகையாக அல்லாமல் எரிச்சலாகவும் குடியாகவும் ஓயாத வேலையாகவும் தீராத முதுகுவலியாகவும் வெளிப்படுவதால், வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவரும்கூட அதை அடையாளம் காணத் தவறிவிடுகிறார்கள். ‘நானும் பிள்ளைகள்மீது அப்படித்தான் எரிந்து விழுந்தேன்’ என்று இன்னொருவர் சொல்லும்போதுதான் பலருக்குத் தமக்கிருப்பது குணக்கேடு அன்று, நோய் என்பது உறைக்கிறது.

உங்கள் அண்ணனின் அச்சத்திலும் நியாயம் உண்டு. ஒரே வருத்தத்தை வாராவாரம் அசைபோடுவது மனச்சோர்வை வளர்க்கும். ஆகவே, ஒவ்வொருவரும் தம் வாரத்தைப் பற்றிப் பேசி முடிக்கும்போது, அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு செயலையும் சொல்லட்டும். குளித்துவிட்டு வெளியே நடந்து வருவதாக இருந்தாலும் போதும். செய்ய முடியாமற்போனால் யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து பேசக் கூச்சமாக இருந்தால், சேர்ந்து நடந்துகொண்டே பேசுங்கள். ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ‘மென்ஸ் ஷெட்’ பட்டறைகளில் ஆண்கள் மரவேலை செய்தபடியே மனம் திறக்கிறார்கள்.

அறிவுரை சொல்லும் ஆசையை அடக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பேன். ‘மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமே இல்லை’ என்று ஒருவர் சொன்னதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னால் அவர் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார். ‘அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடுகிறது?’ என்று கேட்டால் தொடர்வார். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் பேச்சுக்கு அப்பாற்பட்டவை. நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ நெறி.

சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் மழுப்பாதீர்கள். ‘உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதலே கிடைக்கும். எப்படிச் செய்வது என்றுகூட அவர் யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியே விடக்கூடாது. அதற்கான பொருள் அவர் கைக்கு எட்டாதபடி செய்து, வீட்டாருக்குச் சொல்லி, உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். இங்கே பேசுவது வெளியே போகாது என்னும் உறுதிமொழி உயிராபத்துக்குப் பொருந்தாது என்பதை முதல் சந்திப்பிலேயே நால்வரும் ஒப்புக்கொண்டு, ஒவ்வொருவரின் வீட்டு எண்ணையும் மருத்துவரின் எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் நோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர். ஆகவே, இந்தக் கூட்டத்தைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடத்தும் பொறுப்பை நால்வரும் முறைவைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். வந்துவிட்டுப் பேசாமல் இருக்க எவருக்கும் உரிமை இருக்கட்டும். சொல்லாமல் வராமற்போனவரை மட்டும் அன்றிரவே தொலைபேசியில் அழையுங்கள். ஒதுங்கிப்போவது இந்நோயின் முதல் அறிகுறிகளுள் ஒன்று.