மண்டையோடு வரை அகற்றிய இடத்தை மூட முதுகுத் தசை எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. உச்சந்தலையில் தோல் புற்றுநோய் வந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆபரேஷனும் கதிர்வீச்சு சிகிச்சையும் செய்தோம். இப்போது அதே இடத்தில் புண்ணாகத் திரும்பியிருக்கிறது. உள்ளங்கையைவிடப் பெரிய அளவில் தோலையும் அடியிலுள்ள எலும்பையும் எடுக்க வேண்டுமாம். முதுகுத் தசையை எடுத்துத் தலையில் வைக்க எட்டு மணி நேரம் ஆகலாம் என்கிறார்கள். தொடைத் தோலைச் சீவி ஒட்டினால் போதாதா? எலும்பு போன இடத்தை என்ன செய்வார்கள்?

பதில்: சீவி எடுத்த தோலுக்கென்று ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரை உறிஞ்சிப் பிழைக்கும். பிறகு அடியிலிருந்து நுண்குழாய்கள் வளர்ந்து வந்து அதைக் காப்பாற்ற வேண்டும். மண்டையோட்டைப் போர்த்தியிருக்கும் மெல்லிய எலும்புறை மிஞ்சியிருந்தால் அது நடக்கும். வெற்று எலும்பின் மேல் வைத்தால் தோல் காய்ந்து கருகிவிடும். உங்கள் அப்பாவுக்கு எலும்பும் போகிறது, அடியில் மிஞ்சுவது மூளையுறை மட்டுமே. அதன்மேல் தோல் ஒட்டக்கூடும். ஆனால் காகிதக் கனத்தில் ஒரு தோல் மூளைக்குக் காவலாகாது.

பக்கத்துத் தலைத்தோலை நகர்த்தி மூடலாமே என்றால், தலைத்தோலின் அடியில் கேலியா என்ற விறைப்பான நார்ப்படலம் இருக்கிறது. அது இழுத்தால் நீளாது. கதிர்வீச்சு பட்ட தோல் இன்னும் மோசம். நகர்த்திய விளிம்பே அழுகக்கூடும். அதனால்தான் தன் ரத்தக் குழாயோடு திசுவை வேறிடத்திலிருந்து கொண்டுவருகிறார்கள். 1972-இல் மெக்லீன், பன்கே என்ற இரு மருத்துவர்கள் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புப் படலத்தை இப்படித் தலைக்கு மாற்றியதை வெளியிட்டார்கள். இன்று முதுகுத் தசையோ தொடையின் தோல்-கொழுப்புத் திசுவோதான் அதிகம் பயன்படுகிறது.

காதுக்குச் சற்று முன்னால் விரல் வைத்துப் பாருங்கள், ஒரு துடிப்பு தெரியும். பெரும்பாலும் அந்தத் தமனியோடும் பக்கத்துச் சிரையோடும்தான் தசையின் குழாய்களை இணைப்பார்கள். குழாயின் குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர். தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது. அந்தக் குழாய்கள் கதிர்வீச்சில் கெட்டிருந்தால் கழுத்துக் குழாய்களுக்குப் போக வேண்டும். நீளம் எட்டாவிட்டால் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இடையில் தைப்பார்கள். இணைத்த பிறகு தசையின் மேல் தொடைத் தோலைப் போர்த்துவார்கள். நீங்கள் கேட்ட தோலும் வருகிறது, ஆனால் ரத்தம் ஓடும் மெத்தையின் மேல்.

தேர்ந்த குழுக்களின் கையில் 100-க்கு 95-க்கு மேல் இது பிழைக்கிறது. பிழைக்காமல் போவது பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில், இணைப்பில் ரத்தம் உறைவதால். சிரை அடைத்தால் திசு வீங்கி ஊதா நிறமாகும், ஊசியால் குத்தினால் கருத்த ரத்தம் வேகமாக வரும். தமனி அடைத்தால் வெளுத்துச் சில்லிடும், குத்தினாலும் ரத்தம் வராது. முதல் இரண்டு நாள் நர்ஸ் மணிக்கொருமுறை எழுப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். தூக்கம் கெடுகிறதே என்று தடுக்காதீர்கள். சில மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் பல சமயம் காப்பாற்றிவிடலாம்.

வெளியிலிருந்து வரும் அழுத்தமும் அதே கேட்டைச் செய்யும். ஆக்ஸிஜன் மாஸ்க்கின் எலாஸ்டிக், இறுக்கிய கட்டு, மூக்குக்கண்ணாடியின் காது, எல்லாம் போய் நிற்பது சரியாக அந்தக் குழாயின் மேல்தான். இணைப்பு இருக்கும் பக்கம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அந்தப் பக்கம் தலையணையில் அழுந்தக் கூடாது. புகைப்பவரானால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

எலும்புக்கு வருவோம். டைட்டானியம் வலையையோ, ஸ்கேனைப் பார்த்துச் செய்த பீக் என்ற பிளாஸ்டிக் தகட்டையோ பொருத்தலாம். ஆனால் புண்ணாகி, கிருமி குடியேறிய இடத்தில் அன்றைக்கே தகடு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தகட்டில் கிருமி ஒட்டினால் மருந்து மட்டும் போதாது, பெரும்பாலும் தகட்டையே கழற்ற வேண்டிவரும். முதலில் திசு மூடட்டும். சில மாதம் கழித்து, புற்றுநோய் திரும்பவில்லை என்று உறுதியான பின் தகடு. அதுவரை எழுந்து நடக்கும்போதெல்லாம் ஹெல்மெட் வேண்டும். அந்த இடம் குழிந்து, எழுந்து உட்கார்ந்தால் தலைவலியும் தலைச்சுற்றலும் வந்தால் உடனே சொல்லுங்கள். தகட்டை முன்கூட்டி வைக்க அது ஒரு காரணம்.

நரம்பு அறுந்த தசை மாதக்கணக்கில் மெலியும். முதலில் மேடாக, அசிங்கமாகத் தெரிவது நாளடைவில் படிந்து நன்றாகவே அமையும். ஆனால் அடியில் தகடு இருந்தால் இதே மெலிவுதான் ஆபத்து, தகடு தோலைத் துளைத்து வெளியே தெரியலாம். அங்கே முடி முளைக்காது, உணர்ச்சியும் இருக்காது. ஹேர் டிரையர், வெந்நீர், வெயில் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தசை எடுத்த முதுகில், நீர் வடிய வைத்த டியூபை எடுத்த பிறகும் நீர் கோக்கலாம், ஊசியால் எடுத்துவிடுவார்கள். வீடு வந்த பிறகு தலையிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாக ஏதாவது கசிந்தால் அன்றைக்கே போங்கள், அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். தகடு வைத்த பின் தோலில் எள்ளளவு துளை விழுந்து அதில் உலோகம் மின்னினாலும், வலி இல்லையே என்று விட்டுவிடாமல் அந்த வாரமே காட்டுங்கள்.