குட்டிங்க விளையாட்டு வீண் இல்ல: உங்க கேள்விகளுக்கு பதில்

விலங்குங்க எப்படி கத்துக்குதுன்னு காலேஜ் நாள்ல இருந்து படிச்சிட்டு வர்றேன், கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொன்னதும் நெறைய வந்துடுச்சு, தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

அக்கா, எங்க பூனை எலிய அரை உசுரா கொண்டாந்து குட்டிங்க முன்னாடி போடுது. சொல்லிக் குடுக்குதா?

ஆமா, அப்படித்தான் சொல்லணும். இதவிடத் தெளிவா தெரிஞ்சது தெற்கு ஆப்பிரிக்கா கலஹாரி பாலைவனத்து மீர்கேட்ங்கிற கீரி இன விலங்குகிட்ட, 2006ல வந்த ஆராய்ச்சி. குட்டி ரொம்ப சின்னதா இருந்தா பெருசுங்க செத்த தேளு குடுக்கும், கொஞ்சம் வளந்தா விஷக் கொடுக்க கடிச்சு எடுத்துட்டு உசுரோட, அப்புறம் முழுத் தேளு. தேளு நழுவி ஓடுனா பெருசு அத புடிச்சிட்டு வந்து மூக்கால குட்டி பக்கம் தள்ளி விடும். குட்டி கத்துற சத்தத்த வச்சுதான் வயச கணக்குப் பண்ணுது, சின்னக் குட்டிங்க இருக்கிற எடத்துல பெரிய குட்டி சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டா உசுரோட இருக்கறத கொண்டாந்து குடுத்துடுச்சு!

சிம்பன்சி ரெண்டு குச்சிய சேத்து வாழைப்பழம் எடுத்துச்சே, அது யோசிச்சதா, தற்செயலா?

எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. டெனெரிஃப் தீவுல கோலர்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி வச்சிருந்த சுல்தான்ங்கிற சிம்பன்சி அது. ஒரு மணி நேரத்துக்கு மேல முயற்சி பண்ணி முடியாம பழத்த விட்டுட்டு, பெட்டி மேல ஒக்காந்து ரெண்டு குச்சியயும் சும்மா உருட்டி விளையாடிட்டு இருந்துச்சு, அப்போ ரெண்டும் ஒரே நேர்கோட்டுல அமைஞ்சுச்சு, மெல்லிசு குச்சிய தடிச்ச குச்சி ஓட்டைக்குள்ள சொருகுன ஒடனே கூண்டுக் கம்பிகிட்ட ஓடி பழத்த இழுத்துடுச்சு. விளையாட்டும் தற்செயலும்தான் வழிய காட்டுச்சு, ஆனா கெடச்சத பழத்துக்கு முடிச்சுப் போட்டது அதோட மூளை. 1945ல பர்ச்ங்கிற விஞ்ஞானி இன்னொண்ணு பண்ணாரு, ஆறு சிம்பன்சிக்கு குச்சியால சாப்பாட்ட இழுக்கிற சோதனை, அரை மணி நேரத்துல ரெண்டுதான் ஜெயிச்சுச்சு. அப்புறம் மூணு நாள் வெறும் குச்சிய குடுத்து விளையாட விட்டாரு, அவ்ளோதான், திரும்ப வச்சப்ப ஆறும் சில செகண்ட்லயே இழுத்துடுச்சுங்க. பரிசு இல்ல, பாடம் இல்ல. புள்ள சும்மா மண்ணுல குச்சி வச்சு நோண்டிட்டு இருந்தா தயவு செஞ்சு விடுங்க.

நூறாவது குரங்கு கெழங்கு கழுவக் கத்துக்கிட்டதும் பக்கத்துத் தீவு குரங்குங்களுக்கும் தானா தெரிஞ்சுச்சாமே?

அது கட்டுக்கதைங்க. ஜப்பான் கோஷிமா தீவுல 1953ல இமோன்னு ஒன்றரை வயசு பொண்ணுக்குரங்கு சக்கரவள்ளிக் கெழங்க தண்ணில கழுவ ஆரம்பிச்சுது, மொதல்ல கத்துக்கிட்டது அதோட கூட்டாளிகளும் அம்மாவும். 1958 வாக்குல சின்னதுங்க 19ல 15 கழுவுச்சு, பெருசுங்க 11ல ரெண்டே ரெண்டு. சேந்து விளையாடுறவங்ககிட்ட பரவுச்சு, மாயம் ஒண்ணும் இல்ல.

என் நாலு வயசு பையன் நான் பண்ற தேவையில்லாததையும் அப்படியே காப்பி அடிக்கிறான், பயமா இருக்கு.

பயப்படாதீங்க, இது நம்ம இனத்தோட பலம். 2005ல கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற ஒரு பெட்டிய எப்படித் தொறக்கறதுன்னு செஞ்சு காட்டிப் பாத்தாங்க, அதுல வேலைக்கு ஒதவாத தட்டல் எல்லாம் சிம்பன்சிங்க விட்டுட்டு நேரா பரிச எடுத்துச்சு, மனுஷக் குழந்தைங்க அதயும் சேத்து செஞ்சாங்க. காரணம் புரியாத சடங்கு, சமையல் எல்லாம் தலைமுறை தாண்டி வர்றது இப்படித்தான்னு நான் நெனைக்கிறேன்.

எறும்பு கூட சொல்லிக் குடுக்குமா?

குடுக்கும். ஒரு வகை எறும்பு இன்னொண்ண சாப்பாடு இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும்போது, பின்னாடி வர்றது வழிய சுத்திப் பாத்துட்டு வந்து உணர்கொம்பால கால்லயும் வயித்துலயும் தட்டுற வரைக்கும் முன்னாடி போறது நின்னு காத்திருக்கும், தனியா போயிருந்தா கிட்டத்தட்ட நாலு மடங்கு சீக்கிரம் போய் சேந்திருக்கும்.