அக்காவின் முகமும் உங்கள் முகமும்

கேள்வி: எனக்கு வயது 47. கோப்பாயில் இருக்கிறேன், ஆசிரியை. இருபது வருடமாக ஸ்கூட்டரில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறேன். கன்னங்களில் கரும்படை, கண்ணோரம் சுருக்கம், தாடையோரம் தசை தளர்ந்துவிட்டது. கனடாவில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 51. திருவிழாவுக்கு வந்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் என்னையே மூத்தவள் என்றார்கள். அழகுநிலையம் ஒன்றில் தந்த கிறீமை மூன்று மாதமாகப் பூசுகிறேன். முதலில் முகம் வெளுத்தது. இப்போது வெயிலில் இறங்கினால் எரிகிறது, சின்னச் சிவப்பு நரம்புகளும் தெரிகின்றன. அக்கா கொலாஜன் மாவு அனுப்புவதாகச் சொல்கிறாள். குடிக்கலாமா? இளமையான தோல் திரும்பி வருமா?

பதில்: முதலில் அந்தக் கிறீமைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றவை பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

சில நாளில் முகம் வெளுத்து, பிறகு எரிச்சல் வந்து, சிவப்பு நரம்புகள் தெரிகின்றன என்றால் அந்தக் கிறீமில் ஸ்டெரொய்ட் கலந்திருக்கிறது என்றே நான் சந்தேகிப்பேன். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டெரொய்ட்கள் சில தோல் நோய்களுக்கு அருமையான மருந்துகள். ஆனால் காரணமின்றி முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், பரு வரும், மயிர்கூட முளைக்கும். இளமைக்கென்று வாங்கிய பொருள் தோலை முதுமையாக்கிக்கொண்டிருக்கிறது. லேபல் இல்லாத வெளுப்புக் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் உண்டு, அது சிறுநீரகத்தைத் தாக்கும். பூசுவதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் முகம் சிவந்து பருக்கள் பொங்கக்கூடும். அதைக் கண்டு பயந்து மறுபடி அதையே பூசுபவர்கள்தான் அதிகம், அதனால் வருடக்கணக்கில் அதிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். இந்த வாரமே ஒரு தோல் நோய் நிபுணரைப் பாருங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தோல் நோய் கிளினிக் இருக்கிறது. போகும்போது கிறீம் டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனி அக்காவின் கதைக்கு வருவோம். இதை வாசித்து முடித்ததும் உங்கள் மேற்கையின் உட்பக்கத்தை, அக்குளுக்குக் கீழே உள்ள இடத்தை, வெளிச்சத்தில் பாருங்கள். அதற்கும் 47 வயதுதான். ஆனால் அங்கே படை இருக்காது, நிறம் ஒரே சீராக இருக்கும், சுருக்கமும் மிகக் குறைவாக இருக்கும். உங்கள் தோலுக்கு வயது மட்டும் செய்த வேலை அவ்வளவுதான். முகத்தில் அதற்கு மேல் தெரிவதில் பெரும்பகுதி வெயில் செய்தது.

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் நார்கள் பாய் பின்னியதுபோல் நெருக்கமாகக் கிடக்கின்றன, இழுத்தால் திரும்பி வரச் செய்வது எலாஸ்டின். முற்றத்து வெயிலில் போட்ட ஓலைப்பாய் எவ்வளவு காலம் தாங்கும், அறைக்குள் சுருட்டி வைத்த பாய் எவ்வளவு காலம் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும். வயதாக ஆக உடல் கொலாஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாகவே செய்கிறது. வெயிலோ ஏற்கெனவே இருப்பதை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. புற ஊதாக் கதிரில் யூ.வி.பி. தோலைச் சுடும், யூ.வி.ஏ. சுடாமலே ஆழம் வரை போகும். அது முகில் நாளிலும் வரும், ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். 28 வருடம் லொறி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் புகைப்படம் 2012 இல் மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியானது. ஜன்னல் பக்கம் இருந்த பாதி முகம் தடித்துச் சுருங்கி, மறுபாதியைவிடப் பல வருடம் மூத்ததாகத் தெரிந்தது. ஒரே ஆள், ஒரே வயது.

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பாடசாலை விடுவது 1.30 மணிக்கு. அந்த வெயிலில் இருபது வருடம் வீடு திரும்பியிருக்கிறீர்கள். உங்கள் அக்கா வருடத்தில் பல மாதங்களைக் குளிர்ச்சட்டைக்குள் கழித்திருக்கிறார். பார்த்தவர்கள் சொன்னதை மனதில் வைத்து வருந்தாதீர்கள். அவர்கள் கண்டது உங்கள் வயதை அல்ல, நீங்கள் உழைக்கப் போய்வந்த பாதையை.

மாதவிடாய் நிற்கும் காலமும் சேர்கிறது. அது நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 வீதம் வரை குறையலாம். ஆகவே இப்போது எடுக்கும் கவனத்துக்கு மதிப்பு அதிகம்.

என்ன செய்யலாம்? அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 900 பேரளவில் நாலரை வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. தினமும் சன்ஸ்கிறீன் என்ற வெயில் தடுப்புக் கிறீமைப் பூசியவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 வீதம் குறைவாகவே முதிர்ந்திருந்தது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். நம் தோலில் சுருக்கத்துக்கு முன்பே படை வந்துவிடும், ஆனால் கொலாஜன் எல்லோருக்கும் ஒன்றுதான். வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30 அல்லது அதற்கு மேல், யூ.வி.ஏ.வையும் தடுப்பது என்று பார்த்து வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். பலர் பொட்டளவு தொட்டுப் பூசிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். வீடு திரும்பப் புறப்படுமுன் மறுபடி பூசுங்கள். தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டு, கைக்கு முழுக்கை உறை போடுங்கள். நடக்கும்போது குடை பிடியுங்கள்.

இரவில் பூச விற்றமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினொயின் உண்டு. கொலாஜனை ஓரளவு மீளச் செய்யும் என்று நன்றாக நிறுவப்பட்ட களிம்பு அது. ஆனால் இப்போதைய எரிச்சல் முழுதாக ஆறிய பிறகு, வைத்தியர் சொன்னால் மட்டும், வாரம் இரண்டு இரவு, பயறளவு என்று தொடங்க வேண்டும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதமாகும். கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருந்தால் கூடாது.

நம் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. அதனுடன் சவர்க்காரம் சேர்ந்தால் தோல் வறண்டு இறுகும், தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் இன்னும் மோசம். முகத்துக்குச் சவர்க்காரத்தை விட்டுவிட்டு மென்மையான கழுவியைப் பாவியுங்கள், ஈரம் காயுமுன் ஈரப்பதக் கிறீம் பூசுங்கள். தேசிக்காய்ப் புளியை முகத்தில் தேய்க்கவே வேண்டாம். அதைத் தேய்த்து வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

கொலாஜன் மாவைக் குடித்தால் குடல் அதைச் சிறு துண்டுகளாக உடைத்துவிடும். சிறு பலன் காட்டிய ஆய்வுகள் உண்டு, அவற்றில் பல உற்பத்தியாளர் பணத்தில் நடந்தவை. அந்தக் காசுக்கு மீனும் முட்டையும் பயறும் நெல்லிக்காயும் வாங்குவேன். தாடைத் தளர்வுக்கு எந்தக் களிம்பும் போதாது. அதில் எலும்பும் கொழுப்பும் குறைவதற்கும் பங்குண்டு. படை மங்கும், தோல் வழுவழுப்பாகும், முதிர்வின் வேகம் குறையும். இவ்வளவை நம்பலாம்.

அக்கா என்ன அனுப்பட்டும் என்று கேட்டால், இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறத்துச் சன்ஸ்கிறீன் இரண்டு கேளுங்கள். கரும்படையைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும், முகத்தில் வெள்ளையாகவும் படியாது.