இசையும் உடையும் ஒரே அட்டையில்

அன்புள்ள ஐயா,

கோவையில் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். இசையையும் ஃபேஷனையும் சேர்த்து ஒரு மாத இதழைத் திட்டமிட்டு, அதன் முதல் அட்டையை வடிவமைப்பது எங்களுக்குத் தரப்பட்டிருக்கும் பணி. பாதிப் பக்கங்கள் இசைக்கு, பாதி ஃபேஷனுக்கு என்று பிரித்திருக்கிறேன். அட்டையில் ஒரு திரைப்படப் பாடகியை விலையுயர்ந்த உடையில் நிறுத்தி, சுற்றிலும் ஏழு கட்டுரைத் தலைப்புகளைப் போட்டிருக்கிறேன். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் ஏதோ குறைகிறது. என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பக்கங்களைப் பாதி பாதியாகப் பிரித்தபோதே சிக்கல் தொடங்கிவிட்டது. எழுத்துருவை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

லண்டனில் 1980 மே மாதம் நிக் லோகன் தொடங்கிய ‘தி ஃபேஸ்’ இதழைத் தேடிப் பாருங்கள். முதல் அட்டையில் ‘தி ஸ்பெஷல்ஸ்’ குழுவின் ஜெரி டாமர்ஸ். கவன்ட்ரி நகரில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து ஜமைக்காவின் ஸ்கா இசையை வாசித்த குழு அது. டாமர்ஸ் 1979-இல் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரே ‘டூ டோன்’, அதாவது இரு நிறம். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், உடம்பை ஒட்டிய கோட்டு, சிறிய தொப்பி என்று ரசிகர்களும் அப்படியே உடுத்தித் தெருவில் நடந்தார்கள். பாட்டு சொன்னதையே சட்டையும் சொன்னது. அங்கே எது இசைப் பக்கம், எது ஃபேஷன் பக்கம்?

அதே 1980-இல், முன்பு பிரிட்டிஷ் ‘வோக்’ ஃபேஷன் இதழின் கலை இயக்குநராக இருந்த டெர்ரி ஜோன்ஸ் ‘ஐ-டி’ (i-D) இதழைத் தொடங்கினார். தட்டச்சு செய்து ஸ்டேப்ளர் அடித்த தாள்கள்தான். தெருவில் போகிறவர்களைச் சுவரோரம் நிறுத்தி முழு உருவப் படம் எடுத்தார்கள். உடை எங்கே வாங்கியது, பிடித்த பாட்டு எது என்று கேட்டு எழுதினார்கள். அதன் அட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பக்கவாட்டில் திருப்பினால் கண்ணடிக்கும் முகம் தெரியும். அதனால் அட்டையில் வருபவர் யாரானாலும் ஒரு கண்ணை மூடியிருப்பார், அல்லது மறைத்திருப்பார். எத்தனை பிரபலமானவரும் இந்த விதிக்குள் வந்தாக வேண்டும். கருத்து தெளிவாக இருந்தால் அட்டை அதிலிருந்தே பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

‘தி ஃபேஸ்’ 1990 ஜூலை அட்டையில் புகைப்படக் கலைஞர் கோரின் டே எடுத்த, மாடல் கேட் மோஸின் படம் வந்தது. பதினாறு வயது, இறகுத் தலையணி, மூக்கைச் சுருக்கிய சிரிப்பு. அவர் பாடகி அல்லர். ஆனால் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்கு இரவெல்லாம் ஆடிய ஒரு தலைமுறையின் கோடை அந்த முகத்தில் இருக்கிறது.

உங்கள் பாடகிக்கு அந்த உடையோடு எந்த உறவும் இல்லை. அவர் பாட்டோடும் அதற்கு உறவில்லை. வேறு ஆளைத் தேடுங்கள். கோவையைச் சுற்றி இப்போது வள்ளி கும்மி ஆடும் குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நிற உடை, ஒரே அடவு, கூடவே பாட்டு. என்ன நிறம் என்பதை அவர்களே கூடிப் பேசி எடுக்கிறார்களா, துணி எங்கே வாங்குகிறார்கள், யார் பாடுகிறார்கள் என்று போய்க் கேளுங்கள். உங்கள் முதல் இதழே அதில் இருக்கலாம். கும்மி பிடிக்கவில்லையென்றால் உங்கள் கல்லூரி இசைக்குழுவைப் பாருங்கள். இசையும் உடையும் ஒரே ஆளிடம் இயல்பாகச் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆள் கிடைத்த பிறகு மற்றவை எளிது. ஏழு தலைப்புகளில் ஒன்றைப் பெரிதாகவும் இரண்டைச் சிறிதாகவும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே அனுப்புங்கள். எழுத்தின் நிறத்தை அவர் உடையிலிருந்தே எடுங்கள். இதழின் பெயருக்குத் தலைக்கு மேல் இடம் வேண்டும் என்பதைப் படம் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு கணினியில் வானத்தை ஒட்டுவது அசிங்கமாகத் தெரியும். அச்செடுத்து, ஒரு பத்திரிகைக் கடையில் மற்ற இதழ்களுக்கு நடுவே செருகி, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். அதன்பின் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.