மணலில் நுண்துகள் கலந்திருந்தால் நிலநடுக்கத்தில் அது திரவமாகாதா, அதாவது நீர் ஊறிய மணல் வலுவிழந்து குழம்பு போலாகாதா?

எந்த நுண்துகள் என்று முதலில் கேட்க வேண்டும். எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

75 மைக்ரானுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் நுண்துகள் என்று ஒரே பெயரில் அழைப்பதில்தான் குழப்பமே. களிமண் ஈரத்தில் ஒட்டும், மணல்மணிகளைப் பிடித்துவைக்கும். வண்டல் பெரும்பாலும் பொடிந்த பாறைதான், ஒட்டாது. மணலில் அது கொஞ்சமாக இருந்தால் மணிகளின் இடைவெளியில் சும்மா கிடக்கும், பாரம் முழுக்க மணல் மீது. ஆகவே வெற்றிடத்தின் அளவை மாற்றாமல் வண்டலைக் கூட்டினால் திரவமாகாமல் தாங்கும் திறன் குறையும். ஏறக்குறைய 30 சதவீதம் தாண்டினால் மணல்மணிகள் வண்டலுக்குள் மிதக்கத் தொடங்கும். அதன் பிறகு போக்கு திரும்பும்.

அப்படியானால் களத்தில் ஏன் நேரெதிராகச் சொல்கிறார்கள்? எஸ்பிடி சோதனையில் (ஒரு குழாயைச் சுத்தியலால் மண்ணுக்குள் இறக்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவது) ஒரே அடி எண்ணிக்கை வந்தால், வண்டல் கலந்த மண்ணைத்தான் வலுவானதாகக் கணக்கிடுவார்கள். வண்டல் இருந்தால் அடி எண்ணிக்கையே குறைந்துவிடும், அதற்கான ஈடு அது. இரண்டும் சரிதான், ஒப்பிடும் அளவுகோல்தான் வேறு.

1999 ஆகஸ்ட் 17 நிலநடுக்கத்தில் துருக்கியின் அடாபசாரி நகரில் கட்டடங்கள் புதைந்தன, சாய்ந்தன. அடியில் இருந்தது வண்டல் மண். களித்துகள் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பயமில்லை என்ற பழைய சீன விதியை அந்த நகரம் ஆட்டங்காண வைத்தது. இப்போது பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸைப் (மண் பிசையும் பதத்தில் இருக்கும் ஈர அளவின் வீச்சு) பார்க்கிறார்கள்: 12-க்குக் கீழே, ஈரமும் திரவ எல்லையை (மண் குழம்பாகத் தொடங்கும் ஈர அளவு) நெருங்கியிருந்தால், சந்தேகப்படுங்கள்.