ஏரி வேலைல சோர்ந்துபோன தோழருக்கு

தோழர், ஏரிய காப்பாத்துற வேலைல தூக்கம் போச்சு, வாட்ஸ்அப் சத்தம் கேட்டாலே எரிச்சலாகுது, ஒதுங்குனா துரோகமான்னு கேட்டிருக்கீங்க. துரோகமெல்லாம் இல்லீங்க. குரூப்ப ம்யூட்ல போட்டுட்டு மனு ஃபைல் மொத்தத்தையும் இன்னொருத்தர் கைல குடுத்துருங்க, பாதி மட்டும் குடுத்தா போன் உங்களுக்குத்தான் வரும். நம்ம சேலம் மூக்கனேரிய சீராக்குனதே பல பேர் சேந்துதான, ஒத்த ஆளு எவ்ளோ இழுப்பீங்க? அப்புறம் ஏற்காடு போங்க, ஆனா சனி ஞாயிறு வேணாம் (மே மாசம்னா கேக்கவே வேணாம்), வார நாள்ல பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டுனா லூப் ரோட்டுப் பக்கம் சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏறி, கீழ காப்பிச் செடி நிக்கும், சும்மா நடங்க, குப்பை கண்ணுல பட்டாலும் போட்டோ எடுக்காதீங்க. அப்பவும் தூக்கம் வரலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், இலவசம்தான், தமிழ்லயே பேசலாம்.