ஓட்டமும் நடையுமான வாழ்க்கையில் கிறிஸ்தவ விசுவாசத்தை மையத்தில் வைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: இரண்டு பிள்ளைகள், முழுநேர வேலை, வயதான மாமியார், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே அரக்கப்பரக்க ஓடிப்போய் பாதியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இரவில் செபமாலையை எடுத்தால் தூக்கம் வருகிறது, இதில் விசுவாசத்தை மையத்தில் வைக்க எங்கிருந்து நேரம் எடுப்பது? படித்ததும் நான் எழுதி மறந்துபோன கேள்வியோ என்று தோன்றிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துக்காரி. வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். நான் அண்ணனுடைய மீன் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்பெனி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம், படகிலிருந்து மீனை வாங்கி ஐஸ் போட்டு வெளியூருக்கு ஏற்றி அனுப்புகிற தகரக் கொட்டகையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

இங்கே விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலையில் கரைக்கு வருவார்கள். ஆக, சனிக்கிழமை போன படகு ஞாயிறு விடியும்போது திரும்பும். ஊருக்கெல்லாம் ஓய்வுநாளாக இருக்கிற அன்றைக்குத்தான் எனக்கு வாரத்திலேயே அதிக வேலை. நாலு மணிக்குக் கொட்டகையில் இருக்க வேண்டும், இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி, கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயம் தனி என்று பிரித்து, எடை போட்டு, பெட்டிக்கு ஐஸ் அடித்து, லாரியை அனுப்புவதற்குள் கோயிலில் இரண்டாம் மணி அடித்துவிடும். செதில் ஒட்டிய கையோடு வீட்டுக்கு ஓடி, குளித்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்ச் சேரும்போது நற்செய்தி முடிந்து சாமி பிரசங்கம் வைத்துக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு எளிய வழி இருந்தது, எனக்குத்தான் பல வருடம் தெரியவில்லை. சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலே ஞாயிற்றுக் கடன் நிறைவேறிவிடும், திருச்சபைச் சட்டத்திலேயே (எண் 1248) அது இருக்கிறது. படகை அனுப்பிவிட்டு சனி மாலை நிதானமாகப் போய் உட்காரலாம். உங்கள் பங்கிலும் சனி மாலைப் பூசை இருந்தால் தயங்காமல் போங்கள், அது குறைந்த பூசை இல்லை.

சரி, நேரம் கிடைத்துவிட்டது, இனி எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. உட்கார்ந்தேன், ஆனால் மனது உட்காரவில்லை.

நேரம்தான் பிரச்சினை என்று நினைப்பவர்கள் எங்கள் கடற்கரைக்கு ஏப்ரல், மே மாதங்களில் வந்து பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது. 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. ஒரு வருடம் தடை தொடங்கும்போது இந்த இரண்டு மாதமும் தினமும் 53 மணி செபமாலை, பைபிளில் ஒரு அதிகாரம் என்று முடிவு செய்தேன். முதல் வாரம் நடந்தது. அப்புறம் மதியத் தூக்கம், செல்போன், தங்கை வீடு, கல்யாண வீடு. ஜூன் பிறக்கும்போது கணக்குப் பார்த்தால், நாலு மணிக்கு எழுந்து ஓடுகிற மாதங்களில் சொன்ன அளவுகூட அந்த ஓய்வு மாதங்களில் நான் செபிக்கவில்லை. கை நிறைய நேரம் இருந்தும் மனது கடவுளிடம் போகவில்லை என்றால் குறை வேறு எங்கேயோ இருக்கிறது. அது அன்றைக்குத்தான் உறைத்தது, உண்மையாகவே பயமாக இருந்தது.

அந்த ஜூலையில் எங்கள் வேர்க்காட்டு சந்தியாகப்பர் திருவிழா வந்தது, இயேசுவின் சீடர் யாக்கோபைத்தான் நாங்கள் சந்தியாகப்பர் என்போம். அந்தக் கோயிலுக்கு இந்து, முஸ்லிம் எல்லாரும் வருவார்கள், கூட்டம் நெரியும். அப்போது வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "சாமி, செபத்தில் ஓயாமல் பராக்கு வருகிறது" என்றேன். நான் சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லி வரும் பாவம்தான் அது, வழக்கமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர் அனுப்பவில்லை.

"பராக்கு எங்கேம்மா போகுது?"

"தராசுக்கு, சாமி. கம்பெனித் தராசுக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அங்க ஏதோ இருக்கு. போயி என்னன்னு பாருங்க" என்றார்.

என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கடலிலிருந்து வரும் இறால் தண்ணீரும் ஐஸுமாக இருக்கும், அதனால் எடையில் கொஞ்சம் கழிப்பது நியாயம். பத்துக் கிலோவுக்கு அரைக் கிலோ என்பது எங்கள் கொட்டகையில் விசைப்படகுக்காரர்களோடு பேசி வைத்த கழிவு. அவர்கள் தராசு பக்கத்திலேயே நிற்பார்கள், கூடக் கழித்தால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகில் போய் வலை விடுகிறவர்கள் வலைக்கும் கயிற்றுக்கும் எங்களிடமே முன்பணம் வாங்கியிருப்பார்கள், வேறு இடத்துக்கு மீனைக் கொண்டுபோக முடியாது, வாய் திறக்கவும் மாட்டார்கள். அவர்களுக்குப் பத்துக்கு ஒரு கிலோ கழித்தோம். தராசு சரியான எண்ணைத்தான் காட்டும், நான் நோட்டில் எழுதுகிற எண்ணில்தான் கோளாறு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா கடிதம் எழுதினாலும் மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டு, பக்கத்தில் 'இயேசு மரி சூசை' என்று எழுதித்தான் தொடங்குவார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. ஒவ்வொரு நாள் பக்கத்தின் தலையிலும் சிலுவை, அதற்குக் கீழே தேதி, அதற்குக் கீழே அந்தக் கழிவு. திருவிழா முடிந்த மறுவாரம் நோட்டைத் திறந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன், பக்கம் பக்கமாக மேலே சிலுவை, கீழே பொய். வத்தைக்காரர்களில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், எண்ணை எட்டிப்பார்க்கவே மாட்டார். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும் தாயி, கோயிலுக்குப் போற புள்ள" என்பார். அவர் பெயருக்கு நேராக நான் எழுதியிருந்ததைப் பார்த்து அன்றைக்கு அழுதேன்.

ஆமோஸ் இறைவாக்கினர் நூலில் 8ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து தானியம் விற்கலாம், மரக்காலைச் சிறியதாக்கலாம், கள்ளத் தராசால் ஏமாற்றலாம் என்று காத்திருக்கிறவர்களைப் பற்றி அங்கே வருகிறது. அவர்கள் ஓய்வுநாளை மீறியவர்கள் இல்லை, நன்றாகக் கவனியுங்கள், கடைப்பிடித்தவர்கள்! உடம்பு தொழுகையில் இருக்கிறது, மனது தராசில் இருக்கிறது. சனி மாலைப் பூசையில் உட்கார்ந்திருந்த நான் அதுதான், ஒரு எழுத்து மாறாமல்.

அண்ணனிடம் சொன்னேன். கோபப்பட்டார். "எல்லா இடத்திலும் போடுறதுதானே, நீ மட்டும் புதுசா வேதம் சொல்ல வந்துட்டியா" என்றார். மூன்று வாரம் சரியாகப் பேச்சு இல்லை. ஒருநாள் நான், "அப்படின்னா இனிமே நோட்டுல சிலுவை போடாம எழுதுறேண்ணே, அது மட்டும் என்னால முடியல" என்றேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வத்தை மீன் வந்தபோது, தலையை நிமிர்த்தாமலே "எல்லாருக்கும் அரைக் கிலோவே போடு" என்றார். அவ்வளவுதான். மாதக் கடைசியில் லாபம் குறைந்தது, அதற்கு ஒரு சண்டை வந்தது, ஆனால் மாற்றவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். இறால் தலை கிள்ளுகிற பெண்களுக்குக் கூலி போதாது, அதை இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், இந்த வருடமாவது முடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சனி மாலைப் பூசையில் பராக்கு அறவே நின்றுவிடவில்லை, ஆனால் தராசுக்குப் போவது நின்றது. செபம் ஓடுகிறது. நான் புதிதாக நேரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அதே நாலு மணி, அதே கொட்டகை.

அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை நிமிடம் செபிக்கிறீர்கள் என்பதை இல்லை. செபிக்க உட்கார்ந்தால் மனது ஓடிப்போய் நிற்கிற இடம் எது? அலுவலகத்தில் யாரோடாவது பேச்சை நிறுத்தியிருக்கிறீர்களா, மாமியாரிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறீர்களா, கடனா, பிள்ளைகள் மேல் பயமா? அது பாவமாகவே இருக்க வேண்டும் என்றில்லை, வெறும் கவலையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதை விரட்டிவிட்டு அப்புறம் செபிக்கலாம் என்று பார்க்காதீர்கள், அதையே எடுத்துக் கடவுள் முன்னால் வைத்துப் பேசுங்கள். சந்தியாகப்பரை இயேசு கூப்பிட்டது அவர் படகில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது. மத்தேயுவைக் கூப்பிட்டது சுங்கச்சாவடியில், என்னைப் போலக் கணக்கோடு உட்கார்ந்திருந்தபோது. வேலையை முடித்துவிட்டு வாருங்கள் என்று இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

ஓரியூரில் வேதசாட்சியாக இறந்த புனித அருளானந்தரை நினைத்தாலும் எனக்கு இதுதான் தோன்றும். லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். 1686இல் இந்த மறவர் சீமையில் பிடிபட்டு, வதைபட்டு, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விடப்பட்டவர், ஐரோப்பாவுக்குப் போயும் அங்கேயே தங்கவில்லை. நிம்மதியாக உட்கார்ந்து செபிக்க அங்கே இடம் இல்லையா என்ன? திரும்பி இங்கேயே வந்து 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலையைக் கொடுத்தார். அந்தச் செம்மண்ணை மாமியார் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

நடைமுறையில் என்ன செய்கிறேன் என்றும் கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. கொட்டகைக்கு நடந்து போகும் பத்து நிமிடத்தில் செபமாலையில் ஒரு பத்துமணி, விரலால் எண்ணி. இரவில் பிள்ளைகளோடு ஐந்து நிமிடம், அதில் அன்றைக்கு யாரிடம் கோபப்பட்டோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், சின்னவன் என்னைத்தான் முதலில் சொல்வான். பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டம் முடிந்தவரை தவறவிடுவதில்லை. தூக்கம் வந்தால் தூங்கிவிடுகிறேன், நாலு மணிக்கு எழுந்த உடம்பைக் கடவுளுக்குத் தெரியாதா! படகு பிடிபட்ட செய்தி வருகிற இரவுகளில் எங்கள் ஊரில் யாருக்கும் நேரம் இல்லாமல் போவதில்லை, பெண்கள் எல்லாரும் கோயிலில்தான் இருப்போம், முழங்கால் வலிக்கிற வரை. ஒன்றும் நடக்காத சாதாரணச் செவ்வாய்க்கிழமைதான் கஷ்டம், இந்தச் சின்ன வழக்கங்கள் அந்த நாட்களுக்காகத்தான்.

இன்னொன்று, இதை ஒரு முஸ்லிம் பெரியவரிடம் கற்றேன். கீழக்கரைப் பக்கமிருந்து நண்டு வாங்க வருவார், பாய் என்போம். தொழுகை நேரம் வந்தால் பேரம் பாதியில் இருந்தாலும் "தொழுதுட்டு வந்துர்றேன்மா" என்று எழுந்து போய்விடுவார். அதற்காக ஒருவரும் கோபித்ததில்லை, வியாபாரமும் கெட்டதில்லை. எங்களுக்கும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கோயில் மணி அடிக்கிறதே, அந்த மணிக்குச் சொல்கிற 'ஆண்டவருடைய தூதர்' செபத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாதே, நான் ஏன் மணிச் சத்தத்தின் மேலேயே எடையைக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. இப்போது 12 மணி அடித்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன். முதல் சில நாள் கொட்டகையில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

அந்த வத்தைப் பெரியவர் இப்போதும் வருகிறார். கழிவு குறைந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, முன்பு எழுதியதைப் பற்றி நானாகச் சொன்னபோது, "போகட்டும் தாயி" என்று மட்டும் சொன்னார். கூடக் கழித்த கிலோக்களை என்னால் எண்ண முடிந்தவரை கூட்டி அவர் முன்பணத்தில் கழித்திருக்கிறேன். அவர் முனியசாமியைக் கும்பிடுகிறவர். ஆனாலும் மதிய மணி அடிக்கும்போது கொட்டகையில் இருந்தால், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நான் முடிக்கிற வரை பேசாமல் நிற்பார். முடிந்ததும் "போடு தாயி" என்று நண்டுக் கூடையைத் தூக்கித் தராசில் வைப்பார்.